கொக்கிக்கு அடியில்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். போனில் நீயும் நானும் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

உன் மருமகள் வாலுவுக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு சைக்கிள் பந்தயத் தேர்வு. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி. அவள் சைக்கிள் ஒன்று, அவசரத்துக்கு மாற்றுச் சைக்கிள் ஒன்று, இரண்டும் போக வேண்டும். என் வேனுக்குள் எதையும் திணிக்க முடியாது. திரைச்சீலைக் கம்பிகள், துணி ரோல்கள், ஏணி. இறக்கி வைக்க வீட்டிலும் இடமில்லை. கூரை மேல் கட்டலாம் என்கிறார் உன் அத்தான். தூக்கி ஏற்றப்போவது அவரா? என் தோள் இருக்கும் லட்சணத்துக்கு நான் ஒரு தலையணையைக்கூட அவ்வளவு உயரம் தூக்க மாட்டேன்.

ஆகவே வேனுக்குப் பின்னால் மாட்டும் ரேக் பார்க்கப் போனேன். கடையில் ஒரு பெண். அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்டால் ஒரு பதில், கேட்காவிட்டால் நான்கு பதில். மூன்று வகை காட்டினாள். வண்டிக்கு அடியில் இழுவைக் கொக்கி வைத்து அதன் மேல் பூட்டுவது. இரட்டைக் கதவு வேன்களுக்குக் கீலில் திருகுவது. பின்கதவில் பட்டை போட்டு இழுத்துக் கட்டுவது. எனக்குத் தலை சுற்றியது. எதை வாங்கட்டும்? நீயே சொல்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடித்த பெயிண்டின் இரண்டாம் கோட்டு காய்கிற நேரத்தில் எழுதுகிறேன், கறை பட்டிருந்தால் திட்டாதே.

இழுவைக் கொக்கி வகை நல்லதுதான். ஆனால் அடிச்சட்டத்தில் துளை போட வேண்டும், விளக்குக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று பந்தயத்துக்கு அது அதிகம். கீலில் திருகுவது உனக்கு ஆகாது, உன் பின்கதவு ஒற்றைக் கதவு, மேலே தூக்குவது. பட்டை வகையே வாங்கு. மேல் கொக்கி இரண்டும் கதவின் தகர விளிம்பில் பிடிக்க வேண்டும், கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கில் அல்ல. ரேக்கின் கால்கள் கண்ணாடியில் ஊன்றக்கூடாது. நம்பர் பலகை மறையக்கூடாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல். அந்த வண்டிக்கு நான் பதினொரு நாள் பெயிண்ட் அடித்திருக்கிறேன், நான்கு கோட்டு. கண்டவன் கொக்கியை வைத்து இழுத்தால் என் வயிறு எரியும். இருபத்திரண்டாம் தேதி நானே வந்து மாட்டுகிறேன்.

பெயிண்டர்

பிப்ரவரி 25

பெயிண்டர் ஐயாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று வாலு சொன்னாள். எனக்குப் போன் பண்ணவில்லை, அவளுக்குத்தான் பண்ணினாய். இருக்கட்டும்.

ரேக் ஜம்மென்று நிற்கிறது. நேற்று வெறும் ரேக்கோடு ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனேன், அந்த அம்மா திரைச்சீலையைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். "யாரு மாட்டினது?" என்றார். "என் தம்பி" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கடையில் டீச்சரும் ஆள் அனுப்புகிறேன் என்றாள், தம்பி இருக்கிறான் என்று அவளிடமும் இதே தோரணையில்தான் சொன்னேன். அவள் அப்புறமும் விடாமல் பதினெட்டு விஷயம் சொன்னாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று.

போன வருடம் நான் கிரீம் நிறம் கேட்க, நீ அழுக்குத் தெரியும் என்று நீலத்தை அடித்துவிட்டு, நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு நான்கு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாயே. இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீலம் நன்றாகத்தான் இருக்கிறது. இதைக் கடிதத்தில் எழுதிவிட்டேன், வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

வந்து சேர்ந்தேன். வாலு சாப்பிடுகிறாளா?

கொக்கி தரமில்லாதது என்று நினைக்கிறேன். இந்தக் காலத்தில் எல்லாம் மெல்லிய தகடு. வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேலை அதிகம்.

பெயிண்டர்

மார்ச் 16

தம்பிக்கு,

நீ வந்த இரண்டு நாளும் நாம் சரியாகப் பேசவில்லை. நீ வண்டிப் பக்கம் நின்றாய், நான் அடுப்பங்கரையில் நின்றேன். நடந்ததை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போதே தூறல். நெடுஞ்சாலைக்கு ஏறியதும் நல்ல மழை. பாதி தூரம் போயிருப்போம். பின்னால் ஏதோ தேய்கிற சத்தம். கண்ணாடியில் பார்த்தால் ரேக் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். அதற்குள் வாலுவின் சைக்கிள் கழன்று தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் அதன் மேல் ஏறாமல் ஒடித்துத் திருப்பி மண்ணில் விழுந்தார். நான் ஓடினேன். முழங்கையெல்லாம் ரத்தம். எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "வண்டியில பிள்ளைங்க யாராவது இருக்காங்களாம்மா? அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று. நான் மழையில் நின்று அழுதேன்.

வாலுவின் சைக்கிள் சட்டம் வளைந்துவிட்டது, சாய்ந்த ரேக்கோடு தரையில் இழுபட்டு மாற்றுச் சைக்கிளின் சக்கரமும் நசுங்கிவிட்டது. தேர்வு போயிற்று. ஒரு வருடம் விடியும் முன் எழுந்து ஓட்டிய பிள்ளை அது.

மறுநாள் கடைக்குப் போய் டீச்சரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நீ வித்த சாமான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்துச்சு, ஒழுங்கா எப்படி மாட்டணும்னு சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் விடவில்லை. முதலாளி எழுத்தில் புகார் கேட்கிறார். வண்டி வேலை தெரிந்த நீ ஒரு கடிதம் கொடுத்தால் வலுவாக இருக்கும். சொன்னபடிதான் மாட்டினேன் என்று நாலு வரி எழுதி அனுப்பு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. பதினெட்டு வருடமாக வண்டி வேலை பார்ப்பவன் என்றும், விற்றவர் சொன்ன முறைப்படியே பொருத்தினேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போதும்தானே? ஸ்கூட்டர்க்காரரின் கை எப்படி இருக்கிறது? விசாரித்து எழுது.

பெயிண்டர்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஸ்கூட்டர்க்காரருக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். கை மடங்குகிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன், எனக்கே அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

உன் கடிதம் வேலை செய்துவிட்டது. முதலாளி படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். விலை கூடின புது ரேக் ஒன்றை வீட்டுக்கே அனுப்பினார். பெட்டி பிரிக்காமல் துணி ரோல்களோடு சாய்ந்து கிடக்கிறது. வாலு அதை இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

டீச்சரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இதை நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. முந்தாநாள் வேலை முடிந்து வந்தால் அவள் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் ரேக்கோடு வரும் விளக்கத் தாள். "ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடுறேன்க்கா. கொக்கிக்கு அடியில துணி ஏதாவது வச்சீங்களா?" என்றாள். "என் தம்பிக்குத் தெரியாத வேலையா?" என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

உனக்கு எழுதத் தோன்றியது, எழுதினேன்.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

துணி வைத்தேன். நான்கு கொக்கிக்கும் வைத்தேன்.

அன்று நீ மேலே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். கீழே வைத்திருந்த உன் வெட்டுத்துண்டுக் கூடையில் திரைச்சீலைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற வெள்ளைத்துணி கிடந்தது. எடுத்து மடித்துக் கொக்கிக்கு ஒன்றாக வைத்தேன். கொக்கியில் ஏற்கெனவே ரப்பர் பூச்சு இருந்தது. எனக்குப் போதவில்லை. கதவு விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் தாங்காது என்ற திமிர். பட்டையை இழுத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. காய்ந்த துணியில் நிற்கத்தான் செய்யும். நனைந்தால் நசுங்கும், நசுங்கினால் பட்டை தளரும், வழுக்கும். இது எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாக ஈரத்துணியும் கையுமாக வண்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவன் நான்.

இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது. விபத்து என்று கேட்டுப் பஸ் பிடித்து வந்தேனே, முதலில் மாடிக்கு வரவில்லை. வண்டியிடம் போனேன். கீழ்க் கொக்கி இரண்டிலும் துணி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் மேலே வந்து "வாலு எங்கே?" என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

வாலு அன்று என்னிடம் ஒன்று கேட்டாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "மாமா, சைக்கிள ரேக்ல வச்சது நான்தான். நான் சரியா வைக்கலையோ?" என்றாள். ஒரு மாதம் அந்தப் பிள்ளை தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அவள் தலையைத் தடவி, "இல்லடா, கடைக்காரங்க தப்பு" என்றேன். தடவின கையை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

நீ சாட்சிக் கடிதம் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர் சொன்னபடி செய்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். அவர் என்ன சொன்னார் என்றே எனக்குத் தெரியாது.

முதலாளிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், எல்லாம் எழுதியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். என்னை என்ன வேண்டுமானாலும் கேள். குறுக்கே பேச மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை இஸ்திரி மேசையில் வைத்துப் படித்தேன். மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற ஜன்னல் உனக்கு ஞாபகம் இருக்கும். அதிலிருந்து பார்த்தால் வண்டி நிறுத்துகிற இடம் முழுதும் தெரியும்.

நீ துணி வைத்ததை நான் பார்த்தேன்.

டீச்சர் பில் போடும் முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். "கொக்கிக்கு அடியில துணி, பேப்பர் எதுவும் வைக்காதீங்கக்கா. பெயிண்ட் போயிடும்னு எல்லாரும் வைப்பாங்க, மழை வந்தா வழுக்கிடும். அரை மணி ஓட்டினதும் நிறுத்தி, பட்டைய ஒரு தடவ இழுத்துப் பாருங்க." இப்படியே சொன்னாள், வார்த்தை மாறவில்லை. மறு காதில் விட்டேன் என்று உனக்கு எழுதினேனே, பொய். நன்றாக நினைவிருந்தது. ஜன்னலைத் திறந்து, "டேய், துணி வைக்கக் கூடாதாம்" என்று கத்தினால் முடிந்துபோகிற விஷயம். கையில் இஸ்திரிப் பெட்டியோடு யோசித்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாய், மறுபடி நான்கு மாதம் பேச மாட்டாய் என்று தோன்றியது. உனக்குத் தெரியாததா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு திரையின் மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். பந்தயத்துக்குப் போகும்போது வழியில் நிறுத்தவும் இல்லை. நேரமாகிவிட்டது, மழை வேறு.

கடையில் கத்தினேனே, தெரிந்தேதான் கத்தினேன். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது, அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். உன்னிடம் சாட்சிக் கடிதம் கேட்டதும் அதனால்தான். நீயும் எழுதிவிட்டால் பொய் என்னுடையது மட்டும் அல்ல என்று ஆகிவிடும். மாடிப்படியில் அவள் கேட்டபோது, "துணி வைக்கவில்லை" என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? சாமர்த்தியமாக வேறொன்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ அவளைப் பார்த்ததில்லை. நான் அவள் கண்ணைப் பார்த்துச் செய்தேன்.

சனிக்கிழமை உன் கடிதத்தையும் புது ரேக் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். நான் செய்ததையும் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சும்மா" என்றார். பெட்டியை மட்டும் வாங்கி உள்ளே வைத்தார். அவள் அடுத்த தெருவில் ஒரு ஷூ கடையில் இருப்பதாகச் சொன்னார்.

நேராக அங்கே போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அடையாளம் தெரிந்துவிட்டது, கை ஒரு நொடி நின்றது. பின்னால் அந்தக் கடையின் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். இங்கேயும் வந்து ஏதாவது கூத்துக் கட்டிவிடுவேனோ என்று அவள் பயந்தது எனக்குத் தெரிந்தது. "வாங்கக்கா, உட்காருங்க. என்ன சைஸ்?" என்றாள். நான் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்காதே. "ஆறு" என்றேன்.

அவள் கீழே குனிந்து என் செருப்பைக் கழற்றினாள். ஷூவைப் போட்டு, விரல் நுனியில் அமுக்கிப் பார்த்து, நாடாவைக் கட்டினாள். "கொஞ்ச தூரம் நடந்ததும் நாடாவ ஒரு தடவ இழுத்துப் பாருங்கக்கா" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், எதையும் ஒழுங்காகச் சொல்லித்தான் கொடுப்பாள். அந்தச் செருப்பை எடுத்து என்னை இரண்டு போட்டிருந்தால்கூடத் தேவலை. மனப்பாடம் செய்ததில் ஒரு சொல் வாயில் வரவில்லை. ஷூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ வா. தனியாகப் போனால் இன்னொரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். வாலுவிடம் நீ எதுவும் சொல்லாதே, நான்தான் சொல்ல வேண்டும். முதலில் அவளிடம், அப்புறம் ஷூ கடைக்கு. அவளும் வருகிறேன் என்றால் வரட்டும்.

மேலாளர் முன்னாலேயே சொல்வோம். அவர் காதிலும் விழட்டும், இந்தப் பெண் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று.

ஒன்றே ஒன்று. கடையில் அந்தப் பெண் உட்காரச் சொன்னால் உட்காராதே. நின்றுகொண்டே சொல்லிவிடுவோம். நாம் உட்கார்ந்தால் அவர் குனிந்துவிடுவார்.

தம்பி